இரண்டு விரல் இடைவெளி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் படித்து முடித்ததும் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு, இது நிஜமாக நடந்ததா என்று உயிரை வாங்குவார்கள்.

என் வண்டியின் பிரேக் கிறீச்சிடுகிறது என்று ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். சொன்னதோடு என்னை மறந்தும் போனார்கள். எதிரே ஒரு பழைய கார் நின்றது. நான்கு கதவு, சாம்பல் கலந்த நீலம். அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர் குந்தியிருந்தார். இடது கையில் ஒரு புகைப்படம். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து, டயருக்கும் மேலே இருந்த மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் நுழைத்தார். அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு விரல் தாராளமாகப் போயிருக்கும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "எங்க போச்சு?" என்றார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் யார், படத்தில் என்ன இருந்தது, எதுவும் தெரியாது. ஆனால் சமையலறையில் நிற்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அந்த "எங்க போச்சு" என் காதிலேயே இருந்தது. தொல்லை தாங்காமல் எழுத உட்கார்ந்தேன். இனி வருவது அத்தனையும் இட்டுக்கட்டியது.

2

தொடங்குவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அதையும் பாருங்கள்.

"ஒரு காருக்கும் தரைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் மனித வாழ்வின் ஆழமான—"

சீ. இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.

"ஸ்பிரிங்குகள் இருவகைப்படும்."

இதில் பொய் இல்லை. ஆனால் நாளைக்குப் பரீட்சை வைத்துவிடுவேனோ என்று நீங்கள் பயப்படுவீர்கள்.

"வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அவர், தம்முடைய—"

இங்கே எனக்கே அலுத்துவிட்டது. எதற்கெடுத்தாலும் என் கதைகளில் ஒரு வங்கி அதிகாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த மனிதரின் விரல்களை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய நகம். விரல் மடிப்புகளில் லேசாக வெள்ளைத் தூசி. சுண்ணாம்பாக இருக்கலாம், மாவாகவும் இருக்கலாம். நான் பிளாஸ்டர் தூசி என்று முடிவு செய்தேன். ஆக, அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புகிற மெழுகையும் அச்சையும் வைத்துக்கொண்டு, பின்னறையில் விளக்கடியில் உட்கார்ந்து, யாருடைய வாய்க்கோ பல் கட்டுகிறவர். இனி இந்தக் கதையில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்றே பெயர்.

3

பல்செட்டுக்காரரின் வேலையிடம் இரண்டே அறை. முன்னறையில் மேஜை, தொலைபேசி, பல்செட்டுகளைப் போட்டு அனுப்பும் சின்னச் சின்னப் பெட்டிகள். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். (இருவரையும் "அவர்" என்றே எழுதினால் யார் யாரென்று நமக்குத் தலை சுற்றும். அதனால் மனைவியை அந்தம்மா என்று சொல்லப்போகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பல் மருத்துவர்களே தொலைபேசியில் "அந்தம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.)

பல்செட்டுக்காரர் அளவில் மகா கறார். நோயாளி மெழுகை நன்றாகக் கடித்து எடுத்த அளவு வந்தால்தான் வேலையைத் தொடுவார். கடிக்காமல் எடுத்த அளவு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, வாயைப் பிளந்து வைத்து எடுத்த அளவை வைத்துக்கொண்டு நான் என்ன கொலு பொம்மையா செய்வது என்று—

கொலு பொம்மையை எடுத்துவிடுகிறேன். என்ன செய்வது என்று ஒரு பிடி பிடித்துவிடுவார். அவ்வளவு போதும்.

காருக்கு வருவோம். அது மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் வாங்கியது. வாங்க வைத்தது அந்தம்மாவின் தம்பி. மச்சானுக்குக் கார் என்றால் உயிர். சொந்தமாக வாங்கத்தான் வசதியில்லை. அதனால் அக்கா புருஷனை விடாமல் நச்சரித்து வாங்க வைத்துவிட்டார். வெளியே பார்த்தால் நாலு பேர் பள்ளிக்கும் கடைக்கும் போகிற குடும்ப வண்டி. உள்ளே பந்தயத்துக்கு என்று செய்த இன்ஜின். டிக்கி மேல் ஒரு குட்டி இறக்கை வேறு. "இது எதுக்கு, துணி காயப்போடவா?" என்று அந்தம்மா கேட்டதை மச்சான் சாகிறவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் போய் மூன்று வருஷமாகிறது. மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

புகைப்படம் அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்தது. ஒரு மலைப்பாதையின் வளைவு. மழை விட்ட காலை. ஈரச் சாலையில் அந்த நீலக் கார் தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிறது. சக்கரங்கள் மட்கார்டுக்குள் பாதி புதைந்திருக்கின்றன. நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அதிகம். கண்ணாடிகளில் எல்லாம் வானம். பல்செட்டுக்காரர் எடுத்த படம்தான். வளைவு திரும்பியதும் நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடிப் போய் எடுத்தது.

படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதே கார் நின்றது. அதே நீலம், கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் அந்தப் பதுங்கல் இல்லை. ஒரு கிழவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி நின்றது. ஏதோ ஒன்று களவு போன மாதிரி அவருக்கு இருந்தது. மச்சான் இருந்தவரை வண்டி அப்படித்தான் நின்றது என்று அவருக்கு நிச்சயம்.

4

பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதைச் சொன்னாலும் கடைசியில், "அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்று சேர்ப்பார்.

காரை ஏற்றி அடியில் பார்த்துவிட்டு, நான்கு ஸ்டரட்டிலும் எண்ணெய் கசிகிறது, எப்படியும் மாற்றியாக வேண்டும் என்றார்.

[ஸ்டரட் தெரியாதவர்களுக்கு: சக்கரத்துக்கு மேலே நிற்கிற ஒரு தடித்த குழாய், அதைச் சுற்றி ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கின ஸ்பிரிங் குதிக்காமல் பிடித்துக்கொள்வது குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். எனக்கும் போன வாரம்தான் தெரியும். தெரிந்தவர்கள் இந்த அடைப்பைத் தாண்டிப் போகலாம், ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள்.]

பல்செட்டுக்காரர் படத்தைக் காட்டினார். இந்த உயரம் வேண்டும் என்றார்.

அதற்கு வழிகள் உண்டு என்றார் பட்டறைக்காரர். இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடுவது ஒன்று; அது அந்தக் காலத்துப் பையன்கள் செய்த வேலை, வண்டி தவளை மாதிரி போகும், நான் செய்ய மாட்டேன். குட்டை ஸ்பிரிங்கை மட்டும் போட்டுப் பழைய அளவு ஸ்டரட்டையே வைப்பது இன்னொன்று. ஸ்டரட்டின் தண்டு எப்போதும் பாதி அமுங்கியே நிற்கும், பள்ளம் வந்தால் மேற்கொண்டு போக இடமில்லாமல் அடியில் போய் முட்டும், சீக்கிரமே செத்துவிடும். குட்டை ஸ்பிரிங்கோடு அதற்கென்றே செய்த குட்டை ஸ்டரட்டையும் சேர்த்துப் போடுவதுதான் முறை. உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற வகையும் இருக்கிறது என்று சொன்னபோது, தினமும் கூட்டிக் குறைக்க இது என்ன ரேடியோவா என்று பல்செட்டுக்காரர் தள்ளிவிட்டார்.

எவ்வளவு இறக்குவது என்பதில்தான் சிக்கல் வந்தது. பட்டறைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கணக்குப் போட்டார். முன்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது, சரி. ஆனால் பின்பக்கம் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கிறது. "எந்தக் கம்பெனிக்காரனும் பின்னாடி மட்டும் இவ்வளவு இறக்கித் தர மாட்டான் சார். ரோடு சரிவா இருக்கோ என்னவோ."

சரிவுதான் என்று பல்செட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மருத்துவரைச் சும்மா விடாதவர், இந்த இடத்தில் மட்டும் அளந்து பார்க்காமல் விட்டுவிட்டார். ஒன்றரை அங்குலம் இறக்குகிற ஸ்பிரிங், அதற்கேற்ற ஸ்டரட் என்று பேச்சு முடிந்தது. திங்கட்கிழமைக்குள் உறுதி சொன்னால் வரவழைப்பேன், வந்தபிறகு சாதா அளவுதான் வேண்டும் என்றால் முடியாது என்றார் பட்டறைக்காரர். "அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

5

இப்போது உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதையே இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

போன வருஷம் அந்தம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த எதிலும் உட்காரக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பல்செட்டுக்காரர் அன்றைக்கே வீட்டுக்கு வந்து கட்டில், நாற்காலி, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றின் கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். கட்டைகள் நகராமல் இருக்கப் பள்ளம் செதுக்கி, பல்லுக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்து வழவழப்பாக்கினார். அந்த வீட்டில் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது.

கார் ஏற்கெனவே தாழ்வான ரகம். கதவைப் பிடித்துக்கொண்டு, இருக்கையில் தடிமனான மெத்தை போட்டு, அந்தம்மா ஒருவழியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றரை அங்குலம் இறங்கினால் முடியாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் எல்லாவற்றையும் உயர்த்தின மனுஷன், வாசலில் நிற்கிற ஒன்றை மட்டும் இறக்கப் பார்த்தார். இறக்கினால் இனி அந்தக் காரில் அவர் மனைவிக்கு இடமில்லை. இறக்காவிட்டால் படத்தில் இருக்கிற கார் திரும்பி வரவே வராது.

இந்த இடத்தில் நான் அந்தம்மாவைக் கெடுத்து வைத்திருந்தேன். முதல் வரைவில் அவர் மரக்கரண்டியோடு வந்து, "காரா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று நிற்பார். எழுதும்போது ஜோராக இருந்தது. மறுநாள் படித்தால் தொலைக்காட்சித் தொடரின் வாடை. இரண்டாம் வரைவில் வாயே திறக்காமல் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வைத்தேன். அது இன்னும் மோசம். முப்பத்தைந்து வருஷமாகப் பத்துப் பல் மருத்துவர்களைத் தொலைபேசியிலேயே மேய்க்கிற பெண் ஜன்னலோரம் போய் நிற்பாரா? எனக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. அவருக்கு என் மேல் வந்திருக்கவும் நியாயமில்லை.

மூன்றாம் வரைவில் அவரை அவர் போக்கில் விட்டேன். கணவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா, "இறக்குங்க. உங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நான் டாக்சில வந்துக்கறேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். அதுதான் பல்செட்டுக்காரரைத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்கு வருவார், தானும் நாலு வார்த்தை பேசலாம் என்று ஆயத்தமாக வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

6

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உயர்த்தின மேஜையில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல்செட்டுக்காரர் படத்தைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் ஏன் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மூன்றாவது தடவையாகப் புலம்பினார். உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. சாலை சரிவென்றால் வண்டிக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீர் வழிந்து ஓடியிருக்க வேண்டும். அது தேங்கி நின்றது.

அந்தம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டு, அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தார்.

"ஏங்க, இது நம்ம எல்லாரும் மலைக்குப் போயிட்டுத் திரும்பறப்ப எடுத்தது."

"ஆமா."

"நீங்க மட்டும்தான் இறங்கினீங்க. ரோடெல்லாம் ஈரமா கிடக்குன்னு பிள்ளைங்க இறங்க மாட்டேன்னுட்டாங்க. தம்பி வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்லயே இருந்தான். டிக்கில ஒரு வாரத்து ஈரத் துணி, பாத்திரம், அடுப்பு. பின்சீட்டுல பிள்ளைங்க காலுக்குக் கீழகூட மூட்டை." கண்ணாடியைக் கழற்றினார். "வண்டி இறங்கித்தான நிக்கும்? நாங்க எல்லாரும் உள்ளதான இருந்தோம்."

பல்செட்டுக்காரர் படத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணாடிகளில் வானம் இருந்தது. வானத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"காலி வண்டியை வச்சுக்கிட்டு உயரம் தேடறீங்களே," என்றார் அந்தம்மா. "வாயைப் பிளந்து வச்சு எடுத்த அளவை நீங்க வாங்குவீங்களா?"

7

இதை எழுதிவிட்டு நான் எழுந்து போய்க் கொஞ்சம் நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், படத்துக்குள் ஆள் இருக்கிறார்கள் என்று எனக்கும் அதுவரை தெரியாது. கார் இருக்கிற படம் என்றுதான் நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்ததைக்கூடப் பட்டறைக்காரர் வாயில் சும்மா ஒரு பேச்சுக்காகப் போட்டேன். அந்தம்மா கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகுதான் விளங்கியது.

பல்செட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று? வெட்கமாக இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. இத்தனை நாள் அந்தப் படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். டயரின் விளிம்பு தெரிந்தது, மட்கார்டின் மடிப்பு தெரிந்தது. உள்ளே தன் மனைவி, தன் இரண்டு பிள்ளைகள், உயிரோடு மச்சான். அவர்களை வெறும் கனமாகக்கூட அவர் நினைக்கவில்லை. மச்சான் ஞாபகம் வந்தால் அழுகை வரும் என்று அதை ஒதுக்கியே வருஷக்கணக்கில் ஓட்டியவர், அன்று மேஜையிலேயே அழுதார். அந்தம்மா தடுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு வேண்டாத குணம் உண்டு. அளவு தெரியாமல் எதையும் விட மாட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும், ஒருவேளை உள்ளே ஆள் உட்கார்ந்தால் வண்டி இன்றைக்கும் அந்த உயரத்துக்கு வருமா என்று கேட்டார்.

"அதைக் கேக்கத்தான் இவ்வளவு அழுதீங்களா?" என்று சொல்லிவிட்டு அந்தம்மா தொலைபேசியை எடுத்தார்.

8

இங்கிருந்து எப்படி முடிப்பது என்று எனக்குள் பெரிய பஞ்சாயத்து.

முடிவு ஒன்று: அவர் திங்கட்கிழமை பட்டறைக்குப் போய், சாதா அளவு ஸ்டரட்டே போடச் சொல்லிவிட்டுப் படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். நல்ல பிள்ளை முடிவு. ஆனால் அந்த மனுஷனின் ஆசையை இப்படி ஒரே வரியில் பூட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: இறக்கிவிடுகிறார். கார் படம் மாதிரியே நிற்கிறது. அந்தம்மா டாக்சியில் முன்னால் போக, அவர் பின்னாலேயே தனியாக—

இல்லை. இதை எழுதும்போது எனக்கே கோபம் வந்தது. அடித்தாயிற்று.

முடிவு மூன்று: ஆட்களுக்குப் பதில் நான்கு மூட்டை பிளாஸ்டர் பவுடரைக் காரில் ஏற்றிவைத்து அளக்கிறார். உயரம் சரியாக வருகிறது. இது சிரிப்பாகத்தான் இருக்கும் என்று எழுத ஆரம்பித்தேன். மச்சான் இடத்தில் மூட்டையை வைத்து பெல்ட் போடுகிற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் இப்படித் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தம்மா பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டார். "அப்பாவுக்கு ஒரு அளவு எடுக்கணுமாம். ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க." என்ன அளவு என்று மகள் கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று வைத்துவிட்டார்.

9

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பஸ்ஸில் வந்தாள். மகன் தன் வண்டியில் வந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மகன், இவ்வளவு தூரம் வரவழைத்தது என்னை எடை போடவா என்றான். மகள் அதற்குள் பின்சீட்டில் ஏறி, சின்ன வயசில் அடித்துக்கொண்ட அதே ஜன்னலோர இடத்தைப் பிடித்துவிட்டாள். அவன் அது தன் இடம் என்றான். முப்பது வயசுக்கு மேலான இரண்டு பேரும் நிஜமாகவே ஒரு நிமிஷம் மல்லுக்கு நின்றார்கள்.

அந்தம்மா முன்பக்கக் கதவைப் பிடித்து, மெத்தையில் உட்கார்ந்து, ஒரு காலை உள்ளே வைத்து, பிறகு மற்ற காலையும் மெதுவாக வைத்தார். பல்செட்டுக்காரர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். கதவைச் சாத்தினார். எண்ணெய் கசிகிற பழைய ஸ்டரட்டுகள் பெருமூச்சு விட்டன.

அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முன்பக்கம் வந்தார். அந்தம்மா பக்கத்துச் சக்கரம் கிட்டத்தட்டச் சரி. சுற்றிக்கொண்டு ஸ்டியரிங் பக்கத்துக்குப் போனார். அங்கே மூன்றாவது விரலும் நுழைந்தது.

அந்த விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"என்னாச்சு?" என்றார் அந்தம்மா உள்ளேயிருந்து.

"இந்தப் பக்கம் மட்டும் இறங்கல."

"எப்படி இறங்கும்? தம்பி இடம் காலியா இருக்கு." அந்தம்மா அந்த இருக்கையைத் தட்டினார். "நீங்க வந்து உக்காருங்க."

"நான் உக்காந்தா யாரு பாக்கறது?"

"இன்னும் என்ன பாக்கணும்?"

இந்த இடத்தில்தான் நிறுத்தலாம் என்றிருந்தேன். அவர் அப்படியே குந்தியிருக்கட்டும், உள்ளே போவதா வெளியே நிற்பதா என்பதை உங்கள் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று. வெளியே நின்றால்தான் அந்த உயரம் தெரியும். அவர் வெளியே நிற்கிறவரை அந்த உயரம் வராது. எழுதுகிறவளுக்கு இது பழகின அவஸ்தை. நான் எழுதின எந்த வீட்டுக்குள்ளும் எனக்கு உட்கார இடம் இருந்ததில்லை.

ஆனால் அவர் எழுந்துவிட்டார். முழங்கால் சொடுக்குவிட்டது. கதவைத் திறந்து, மச்சான் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளிவைத்ததை மாற்ற மனசில்லாமல் இத்தனை நாளும் எட்டி எட்டியே ஓட்டிவந்த இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது வெளியே இருப்பது நாம் இரண்டு பேர்தான், நீங்களும் நானும். கண்ணாடியில் வானம் அடிக்கிறது. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. நான் குனிந்து, ஸ்டியரிங் பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே என் விரலை வைத்துப் பார்த்தேன். அவர் எப்படியும் ஜன்னலை இறக்கி, எவ்வளவு என்று கேட்பார். அளவில் கறாரான மனுஷன் கேட்காமல் இருப்பாரா? பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் இறங்கியது. உள்ளே மகன் சொன்ன எதற்கோ நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாவின் கை கணவர் தோளில் இருந்தது. அவர் சாவியைத் திருப்பிவிட்டு, சிரிப்பு அடங்காமலேயே என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஒதுங்குங்க. வண்டியை எடுக்கணும்."

நான் ஒதுங்கிவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் குனிந்து விரலை வைத்துப் பாருங்கள். என்ன அளவு வந்தாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை இனி யாரும் கேட்கப் போவதில்லை.